கொடி எழுத்து

“மாப்பிள்ளை முகத்துக்கு இந்த எழுத்துதான் பொருத்தம். ரெண்டும் கொஞ்சம் கோணல்,” என்றார் சடகோபன்.

அச்சுக்கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தேசிகன் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

முதலாளி ரத்தினவேல் முதலியார் மேஜைமேல் இரண்டு மாதிரித் தாள்களைப் பரப்பியிருந்தார்.

ஒன்று சாதா எழுத்து. பிரேயருக்கு நிற்கும் பையன்களைப்போல் நேராக நின்றது.

மற்றது மதராஸிலிருந்து புதிதாக வந்தது. கடையில் அதற்குக் கொடி எழுத்து என்று பேர். நல்ல பேனாவால் அவசரமில்லாமல் எழுதியதுபோல் இருக்கும். இறங்கும்போது பருக்கும், ஏறும்போது இளைக்கும், கடைசியில் ஒரு சுழி சுழித்துப் பக்கத்து எழுத்தின் தோளைத் தொடப் பார்க்கும்.

“கல்யாணப் பத்திரிகை முழுக்க இதுல கோக்க முடியாதுங்க. மயிரிழை மாதிரி இருக்கிறதால உடைஞ்சிடும். பொண்ணு மாப்பிள்ளை பேருக்கு மட்டும்தான் எடுக்கிறது,” என்றார் ரத்தினவேல். “மூல வைத்தியர் ஒருத்தர் அடம் பிடிச்சு இதுல நோட்டீஸ் போட்டாரு. உறையூர் பூரா முகூர்த்தம் என்னைக்குன்னு அவரையே கேட்டுச்சு.”

“கூட்டம் வந்துதா, இல்லையா?”

“வந்துச்சு சாமி. மொய்யோட.”

சடகோபன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

தேசிகன் சாதாத் தாளைத் தொட்டான். “இது போறும். பேரும் தேதியும் தெரிஞ்சா சரி.”

அவனுக்கு இது இரண்டாம் கல்யாணம். வேதவதி போன வருஷம் மாசியில் ஜுரத்தில் போய்விட்டாள். அம்மா அழுதாள், சரி என்றான். ஜாதகம் வந்தது, சரி என்றான். இரண்டாம் கல்யாணத்துக்கு மேளதாளம் எதற்கு என்று ஸ்ரீரங்கத்தில் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவனுக்கு வசதியாக இருந்தது. சத்தமில்லாமல் முடிந்தால் போதும்.

மாமா சடகோபன்தான் விடவில்லை. காலையில் யாரும் கூப்பிடாமலே வந்து ஜட்காவில் ஏறிக்கொண்டார். வாசகம் எழுதிய காகிதத்தை அவன் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் செருகிக்கொண்டார். காவேரிப் பாலம் தாண்டித் தெப்பக்குளம் வரும்வரை குதிரையிடமும் வண்டிக்காரனிடமும் மாறி மாறிப் பேசிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்ல தேசிகனுக்கு வாய் வரவில்லை.

“உங்களுக்கு ரெண்டாவது, மாப்பிள்ளை. குமுதவல்லிக்கு?” என்றார் இப்போது.

தேசிகன் சாதாத் தாளை மேஜை விளிம்போடு நேராக்கி வைத்தான்.

“சின்னப் பொண்ணு. பெட்டியிலே புடவைக்கு அடியிலே பத்திரிகையை வச்சுண்டு ஆயுசு பூரா எடுத்து எடுத்துப் பார்ப்பா. ஏல நோட்டீஸ் மாதிரி ஒண்ணை நீட்டினா, அப்புறம் தினமும் உப்பில்லாத சாத்தமுதுதான். சொல்லிட்டேன்.”

“மாமா…”

“நீங்கோ சும்மா இருங்கோ. முதலியார்வாள், ரெண்டு பேரையும் கொடியிலே கோத்து அடிச்சுக் காட்டும்.”

கம்பாசிட்டர் தனியாக ஒரு டிராயரைத் திறந்து, முட்டை எடுப்பதுபோல் எழுத்துகளை எடுத்தார். கோத்தார். மை தடவினார். தாளை அழுத்தி உரித்தார்.

குமுதவல்லியின் கடைசிச் சுழி நீண்டு போய், தேசிகனின் முதல் எழுத்தை இடித்துக்கொண்டு நின்றது.

“பார்த்தேளா! முகூர்த்தத்துக்கு முன்னாடியே கையைப் பிடிச்சுட்டா.”

தேசிகன் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“சாதாவே போடுங்கோ,” என்றான்.

ரத்தினவேல் சங்கடமாகப் பெரியவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க சாமி. பத்திரிகை விஷயத்துல பொண்ணைப் பெத்தவர் வச்சதுதான் சட்டம். கீழே திருவெள்ளறை வரதாச்சாரின்னு இருக்கே, உங்க பேரையும் கொடியிலேயே கோத்துடறேன். எழுத்து உடைஞ்சா உடையட்டும்.”

சடகோபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அங்கவஸ்திர நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

“வரதாச்சாரி ஊரிலே பந்தலுக்கு மூங்கில் பார்த்துண்டிருக்கார்,” என்றார். “என் பேர் இதிலே வராது.”

“அப்ப நீங்க…”

“நானும் பொண்ணைப் பெத்தவன்தான். என் பேர் போன பத்திரிகையிலே வந்துடுத்து.”

உள்ளே மிஷின் ஒரு தடவை அடித்து நின்றது.

தேசிகன் சாதாத் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மேஜைமேல் கொடி எழுத்து மட்டும் மிச்சமிருந்தது. மை இன்னும் காயவில்லை.

“இதையே போட்டுடுங்கோ,” என்றான்.

“அப்படி வாங்கோ வழிக்கு,” என்றார் மாமா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.