வெட்டுக்கிளி தானே நீட்டிய கால்

வெட்டுக்கிளி காலை நீட்டியது.

ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை.

ஆராய்ச்சி மாணவியான அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான்.

ஊசி முனையால் அதே காலை மெல்ல மடக்கினாள். உடனே படபடவென்று, எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்.

வெட்டுக்கிளியின் தொடைக்குள் முழங்காலை வேவு பார்க்கும் நரம்புக் கொத்து ஒன்று உண்டு. மூட்டு இம்மியளவு மடங்கினாலும் மேலிடத்துக்குச் சேதி போய்விடும். சேதியை வாங்கிக்கொள்ளும் நரம்பணு நெஞ்சுக்குள் இருக்கிறது. அதிலிருந்துதான் மயிரிழைக் கம்பி ஒன்றை ஒலிபெருக்கிக்கு இழுத்திருந்தாள்.

காலைப் பிறர் அசைத்தால் அந்த அணு கத்தும். வெட்டுக்கிளி தானே அசைத்தால் கப்சிப்.

தான் செய்த வேலை எது, பிறர் தன்னைச் செய்யவைத்த வேலை எது என்று அதற்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் பலருக்கு அது தெரியாது.

அந்த மௌனம்தான் அவள் கண்டுபிடிப்பு. இளமையில் பாதியைக் கொடுத்து வாங்கிய மௌனம்.

துறைத்தலைவர் ஞானசௌந்தரி மேடம் பட்டுப்புடவை சரசரக்க உள்ளே வந்தார். மைக் முன்னால் எதுவும் சும்மா இருப்பது அவருக்குப் பிடிக்காது.

"ஏம்மா, பூச்சி காலைத் தூக்குறப்போ சத்தம் வரலேன்னா மிஷின் ரிப்பேர்னு நினைச்சிடுவாங்கம்மா."

"அதுதான் மேடம் கண்டுபிடிப்பே."

"கண்டுபிடிப்பு அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்னிக்கு விழாவுக்கு வர்றவருக்குச் சத்தம் வேணும்."

முன்தினமே அந்தப் படபடப்பைத் தன் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தார் மேடம். கைபேசியின் வயரையும் ஒலிபெருக்கியில் செருகினார். பிறகு அவள் முழங்கையைப் பிடித்து, ஸ்டூலை நகர்த்துவதுபோல, ஓரமாக நகர்த்தி வைத்தார்.

அவளுக்குள் கடுகு வெடித்தது.

சிறப்பு விருந்தினர் வந்தார். கல்வி வள்ளல். கல்லூரிகளை வாங்கும் பழக்கம் உள்ளவர். உள்ளே ஸ்பிரிட் பாட்டில்கள் இருந்ததால் குத்துவிளக்கை வராந்தாவிலேயே ஏற்றினார்கள். வாழ்த்துப்பா முடிந்தது. வரவேற்புரை முடியவில்லை.

'நமது துறை', 'எனது கனவு', 'உலகமே திரும்பிப் பார்க்கும்' என்று மேடம் போய்க்கொண்டிருந்தார்.

மெழுகில் பதிந்து கிடந்த வெட்டுக்கிளி, பேச்சின் நீளம் தாங்காமலோ என்னவோ, காலை நீட்டியது.

மேடத்தின் கட்டைவிரல் கைபேசியைத் தொட்டது.

படபட.

கைதட்டல்.

"பிரமாதம்!" என்றார் வள்ளல். "அதுவா ஆட்டினாலும் சத்தம், நாம ஆட்டினாலும் சத்தம். அப்படித்தானே?"

"ஆமாங்கய்யா," என்றார் மேடம்.

நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அவ்வளவுதான். அந்த ஒற்றை 'ஆமாங்கய்யா'வில் அவள் ஆய்வேடு குப்புற விழுந்தது. நாளைக்கு எல்லாப் பேப்பரிலும் நேர்மாறாக வரும். வந்த பிறகு, அவள் சொல்வதுதான் மறுப்பு ஆகிவிடும்.

ஓரத்திலிருந்து நடந்து வந்தாள்.

கைபேசி வயரைப் பிடுங்கினாள்.

மேடத்தின் கட்டைவிரல் கைபேசியைத் தட்டியது. மறுபடி தட்டியது. கைபேசி அவர் உள்ளங்கையில் கொசுக்குரலில் முனகியது.

வெட்டுக்கிளி இன்னொரு முறை காலை நீட்டியது. நிதானமாக. சாவகாசமாக.

ஒலிபெருக்கியில் மௌனம்.

"என்னம்மா, நின்னுபோச்சு?"

"நிக்கலைங்கய்யா. அது தானே நீட்டுது. தானே நீட்டினா சத்தம் வராது. இதைக் காட்டத்தான் உங்களைக் கூப்பிட்டோம்."

ஊசியை அவர் கையில் கொடுத்தாள். மோதிரங்கள் இடிக்காமல் அவர் அதைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காலை மடக்கினார்.

படபடபட!

ஊசியை எடுத்தார். காத்திருந்தார். வெட்டுக்கிளி நீட்டியது. மௌனம்.

வள்ளலின் முகத்திலிருந்து வள்ளல் இறங்கிப்போனார்.

"அட! நாம தள்ளுனா கத்துது. தானா போனா கம்முனு போகுது. எங்க மாப்பிள்ளை மாதிரியே இருக்குதேய்யா!"

மரபுப்படி எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. அறை நிறையக் கூட்டம். அவ்வளவு பேரும் ஒரு பூச்சியின் மௌனத்துக்குக் காது கொடுத்து நின்றார்கள். அவளுக்கு அது போதும்போல இருந்தது.

போதவில்லை.

பொன்னாடை பிரிந்தது. பழக்கதோஷத்தில் மேடத்தின் கழுத்து தானாகவே குனிந்தது.

"இருங்க, இருங்க," என்றார் போட்டோக்காரர். "இதைக் கண்டுபிடிச்சது யாருங்க? கையைத் தூக்குங்க."

மேடம் சட்டென்று நிமிர்ந்தார்.

"நம்ம பொண்ணுதான். எல்லாம் என் வழிகாட்டுதல்ல..." என்றபடியே, தூக்கிக் காட்டுவதற்காக அவள் முழங்கையைத் தேடினார்.

வழக்கமான இடத்தில் முழங்கை இல்லை.

கை ஏற்கெனவே மேலே இருந்தது.

அவளுக்குள் ஒரு சத்தமும் இல்லை.