பழனிக்குப் போன மகாராணி

"பழனிக்குப் போறோம்னு எழுதிப் போடுங்க. முருகன் பேரைச் சொன்னா எங்கண்ணன் மறுபேச்சுப் பேசாது" என்றாள் சுலோசனா.

காளியப்பன் எழுதினான். 'தசரா லீவுக்குக் குடும்பத்தோடு பழனி போகிறோம். வீடு பூட்டியிருக்கும்.' இன்லண்டு லெட்டர் மறுநாளே அண்ணன் ஊரான கௌதள்ளிக்குக் கிளம்பிவிட்டது.

பச்சைப் பொய்தான். ஆனால் சுலோசனாவைக் கேட்டால் நியாயம் என்பாள். கல்யாணமாகி மைசூர் அக்ரஹாரத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம். வருஷா வருஷம் தசராவுக்கு அண்ணன் சித்தையன் தலைமையில் பதினோரு பேர் வந்து இறங்குவார்கள். வீட்டில் இருப்பதோ இரண்டே அறை. ஜம்பு சவாரி அன்றைக்கு எல்லோரும் யானை ஊர்வலம் பார்க்கப் போக, இவள் ராத்திரிச் சோற்றுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். பேண்டுச் சத்தம் மட்டும் சமையற்கட்டு வரைக்கும் வரும்.

"அதுலயும் எங்கண்ணி கௌரம்மா இருக்குதே, ஒரு டம்ளர் கழுவி வெக்காது!"

அதனால் இந்த வருஷம் வீட்டைப் பூட்டினார்கள். ஆட்டோ பிடித்தார்கள். பத்து நிமிஷத்தில், புதிதாகத் திறந்திருந்த 'ஹோட்டல் சிம்மாசனம்' வாசலில் இறங்கினார்கள்.

எல்லாம் அரண்மனைத் தோரணைதான். வாசல் காவலாளியில் இருந்து காப்பி கொண்டுவருகிறவர் வரை தலையில் மைசூர்ப் பேட்டா என்னும் ஜரிகைத் தலைப்பாகை. பெரிய அறைக்குப் பெயர் 'தர்பார்'. இவர்கள் எடுத்தது இருப்பதிலேயே மலிவான அறை. அதன் பெயர் 'யானைக் கொட்டடி'.

"சொந்த ஊர்லயே ஓட்டல்ல தங்கற பைத்தியம் நாமதான்" என்று காளியப்பன் சிரித்தான்.

"இருந்துட்டுப் போறோம். கட்டில்ல உக்காந்த எடத்துக்குக் காப்பி வருதுங்க!" என்ற சுலோசனா, குடிக்க வயிற்றில் இடம் இல்லாவிட்டாலும் மூன்றாவது காப்பிக்கு மணி அடித்தாள்.

சாயங்காலம் ராஜா ராணி வேஷத்தில் போட்டோ. முற்றத்தில் பெரிய சிமென்ட் யானை, அதன்மேல் அம்பாரி. காளியப்பனுக்கு முறுக்கு மீசை ஒட்டினார்கள். சுலோசனாவுக்குக் கிரீடமும் ஜரிகை முக்காடும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மனிஷா இளவரசி. மூவரையும் மேலே ஏற்றிய போட்டோக்காரர், படத்தில் விழக்கூடாதென்று ஏணியை எடுத்துப் போய்விட்டு, பிலிம் ரோல் மாற்ற உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் உள்ளே நுழைந்தது.

"அம்மா, மாமா பந்த்பிட்ரு!" என்று கன்னடத்தில் கத்தப் போன மகளின் வாயைச் சுலோசனா பொத்தினாள்.

மாமாவேதான். பின்னாலேயே கௌரம்மா, அவர்களுக்குப் பின்னால் மிச்ச ஒன்பது பேர்.

காளியப்பன் கீழே எட்டிப் பார்த்தான். "ஏணி எங்கடி?"

"ஏணிக்கு எங்க போவேன்? அசையாதீங்க. பொம்மையாட்டம் இருங்க. அண்ணனுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்!"

மூன்று பேரும் சிலையாகிவிட்டார்கள்.

ஓட்டல் மேனேஜரின் மேஜை யானையின் தும்பிக்கைக்குக் கீழேதான் இருந்தது. மொத்தப் படையும் அங்கே வந்து நின்றது.

"ஏனுங்க, இந்தப் பொம்மையப் பாருங்க. உசுரு இருக்கறாப்பலயே செஞ்சிருக்கறாங்க" என்றாள் கௌரம்மா.

சித்தையன் அண்ணாந்து பார்த்தார். "ராணி நம்ம சுலோசனா சாடை. ராசாவுக்குத்தான் மூக்கு சரியா வல்ல. சப்பையாப் போச்சு."

ராஜாவின் மீசை துடித்தது. இளவரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, ராணி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

கிள்ளினாளே தவிர, அவளுக்கு வயிறு எரிந்தது. ஓட்டலில் தங்க வசதி இருக்கிறதா இவர்களுக்கு? இருந்துமா பன்னிரண்டு வருஷமாய் என்னைப் போட்டு அரைத்தார்கள்? நான் இல்லை என்றதும் ஓட்டல்! இருக்கட்டும், இருக்கட்டும்.

மேனேஜர் ரிஜிஸ்தரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "அஞ்சு ரூம் புக் ஆகியிருக்கு சார். நாலு ரூமுக்குத்தானே ஆள் வந்திருக்கு?"

"அஞ்சாவது, எந்தங்கச்சி குடும்பத்துக்குங்க" என்றார் சித்தையன். "இதே ஊருதான். நாங்க வந்தா அது அடுப்படிய விட்டு வெளிய வாரதில்லீங்க. மைசூர்ல இருந்துக்கிட்டு ஒரு தசராகூடப் பாத்ததில்ல. இந்த வருசம் நாம ஓட்டல்ல தங்கி, அவங்களையும் கூட்டியாந்து கூட வெச்சுக்கோணும்னு இவதான் ஒத்தக் கால்ல நின்னா."

அவர் கை கௌரம்மாவைக் காட்டியது.

"நேர்ல வந்து சொல்லிக்கலாம்னு இருந்தமுங்க. அதுக்குள்ள பழனிக்குப் போறோம்னு கடுதாசி வந்துருச்சு."

சுலோசனாவுக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. ஜரிகை முக்காட்டுக்குள் கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. பொம்மை கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாதே! அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ அந்த ரூம் கேன்சல் மாட்லா சார்?" என்றார் மேனேஜர்.

சித்தையன் வாயைத் திறக்குமுன் கௌரம்மா முந்திக்கொண்டாள்.

"வேண்டாங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும். பழனில இருந்து எந்நேரம் திரும்பினாலும், எங்க நாத்தனா வந்த அலுப்போட அடுப்புப் பத்த வெக்கக் கூடாது."