லைன்மேன் பேசிய ரகசியம்

"இரு, தள்ளி வந்து பேசறேன். அவ முழிச்சுக்கிட்டா."

வார்டு வாசலில் நின்று போனில் கிசுகிசுத்த லைன்மேன், ஓரக்கண்ணால் உள்ளே பார்த்தார்.

கட்டிலில் மனைவியின் தலை தலையணையை விட்டு எழும்பியிருந்தது. காது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

அவர் வாசலைத் தாண்டிப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் போனில் 'ம்', 'சரி', 'வை' தவிர வேறு வார்த்தை பேசியறியாத மனிதர். இப்போது வெட்கப்பட்டுச் சிரிக்கவும் செய்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. அஜீரணக்காரர் ஏப்பம் விடுவது மாதிரி இருந்தது.

மறுமுனையில் யாரும் இல்லை. போனில் சார்ஜ்கூட இல்லை.

எல்லாம் முந்தின நாள் டாக்டர் தூக்கிப் போட்ட குண்டால் வந்தது.

கணக்கு டீச்சரான மனைவி பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

டாக்டர் லைன்மேனைத் தனியே கூப்பிட்டார். இப்படியே படுத்துக் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டிவிடும், அது நகர்ந்து போய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்றார். வயிற்றில் தினமும் ஊசி போடுகிறோம், காலுக்கு இறுக்கமான உறை மாட்டியிருக்கிறோம், ஆனால் நடக்க வேண்டியது உங்கள் மனைவிதானே என்றார்.

கணக்கு டீச்சரை வழிக்குக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமா? நடைப்பயிற்சி கொடுக்க வந்தவர் கெஞ்சிப் பார்த்தார். சிஸ்டர் அதட்டிப் பார்த்தாள். மகள் அழுதும் பார்த்தாள். மறுபடி விழுந்தால் யார் பொறுப்பு என்று ஒரே கேள்வியில் டீச்சர் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள்.

அன்றைக்கு லைன்மேனுக்குச் சோறு இறங்கவில்லை. மழையில் கரண்டுக் கம்பம் ஏறியபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை. அவள் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

அப்போதுதான் யோசனை பிறந்தது.

பரீட்சை ஹாலில் கடைசி பெஞ்சில் ஒரு காகிதம் சரசரத்தால் போதும், பூனை மாதிரி போய் பிட்டைப் பிடுங்கிவிடுகிறவள் அவள். அவளைக் கட்டிலிலிருந்து இறக்கப் புத்திமதி உதவாது. ஒரு திருட்டுத்தனம் வேண்டும்.

முதல் நாளே பலித்துவிட்டது. அவர் சுவரோரம் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே, கட்டிலோரம் சும்மா நின்றிருந்த வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னால் வந்து நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேச விஷயம் இல்லாததால் சின்ன வயசில் மனப்பாடம் செய்ததையே குரலைத் தேனாக்கி ஒப்பித்தார்.

மறுநாள் தண்ணீர்க் குழாய்வரை போனார். வாக்கரும் வந்தது. அதற்கடுத்த நாள் லிஃப்ட்வரை போனார். அவர் நின்றால் அதுவும் நின்றது, அவர் நடந்தால் அதுவும் நடந்தது. இந்த ஊர்வலத்தைப் பார்த்த சிஸ்டர் மருந்துத் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

மனைவி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ராத்திரி ஒரே கட்டாக வசவு விழும், விழட்டும். ஆள் நடந்தால் சரி.

இன்று காலை டாக்டர் அவளுடைய கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். வீக்கமில்லை, வலியில்லை. வீட்டுக்குப் போகலாம், ஆனால் அங்கேயும் நடையை விடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

லைன்மேனுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பெண்பிள்ளையை ஏமாற்ற உலகத்தில் ஓர் ஆள் பிறக்கவில்லை என்று பள்ளிக்கூடமே சொல்லுமே, இதோ பிறந்திருக்கிறேன் என்று மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டார். துணிமணிகளைப் பையில் திணிக்கும்போது வாய் தானாகச் சீட்டியடித்தது.

"வீட்லயும் நீங்க போன் பேசியாகணுமே, அதுக்காகச் சொல்றேன். பதினாறாம் வாய்ப்பாட்டுல பதினாறேழு நூத்திப் பன்னெண்டு. முதல் நாள்லேருந்து நூத்திப் பத்துன்னே கொஞ்சிக்கிட்டிருக்கீங்க."

சொல்லிவிட்டு, வாக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.