அசைஞ்சிட்டீங்க

படம் திரையில் வந்து விழ ஐந்து விநாடி ஆகும். ஆறாவது விநாடியில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஸ்டாண்டில் நெஞ்சை ஒட்டி, தாடையை மேலே வைத்து, எனக்கு முதுகைக் காட்டியபடி.

கூடப் பிறந்த அண்ணன் இல்லை. பதினாலு வருடமாக இந்த எக்ஸ்ரே அறையில் என்னோடு குப்பை கொட்டுகிறவர். அண்ணி கொடுத்தனுப்பும் சாப்பாட்டில் பாதி எனக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே 'அசையாதே'. வருகிற நோயாளிகளிடம் நாள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி வந்த பெயர். லிப்ட்காரரிடம் விசாரித்தால், அசையாதே இப்போதுதான் மாடிக்குப் போனார் என்பார்.

இரண்டு மாதமாக அவருக்கு இருமல். ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று நானும் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். மிஷின் நம் கையில், வரிசையில்கூட நிற்க வேண்டாம், அப்புறம் என்ன கேடு என்று திட்டியும் பார்த்தேன். மனிதர் பிடி கொடுக்கவே இல்லை.

இன்று மதியம் கூட்டம் வடிந்ததும், உதவியாளரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அவராகவே வந்து சட்டையைக் கழற்றினார். உன் தொல்லை தாங்கவில்லை, எடுத்துத் தொலை என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்ற மிதப்பில்தான் பொத்தானை அழுத்தினேன்.

வலது நுரையீரலில், காறை எலும்புக்குக் கீழே, ஒரு வெள்ளை. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது.

படம் எடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. என்ன ஏது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் தினமும் இத்தனை நெஞ்சைப் பார்க்கிற கண்ணை மூடிக்கொள்ளவா முடியும். அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கண்ணாடி வழியாக அவர் முதுகைப் பார்த்தேன். இவ்வளவு இளைத்திருக்கிறார், பக்கத்திலேயே இருந்தும் கவனிக்காமல் விட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

டாக்டர் பார்க்கும்வரையாவது இவருக்குத் தெரியக்கூடாது. என் முகத்திலிருந்து தெரியவே கூடாது.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே எங்கள் அறையில் ஒரு பொய் உண்டு. சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் பக்கவாட்டிலும் ஒரு படம் எடுப்போம். எதற்கு என்று கேட்டால், நீங்கள் அசைந்துவிட்டீர்கள், படம் கலங்கிவிட்டது என்போம்.

அசைந்திருந்தால் அதே படத்தைத்தானே திரும்ப எடுக்க வேண்டும், பக்கவாட்டில் எதற்கு என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அண்ணன் சொல்கிற அழகுக்கு, நோயாளிகள் அவரிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி நிற்பார்கள்.

எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"அசைஞ்சிட்டீங்கண்ணே. இன்னொண்ணு எடுத்துருவோம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன். அதுவும் அசையாதேயிடம் போய், அசைந்துவிட்டீர்கள் என்று.

யாரிடம் கதை விடுகிறாய் என்று இப்போது திரும்புவார். மிஷின்மேல் பழியைப் போடலாமா, கரண்டுமேல் போடலாமா என்று மனது அலைந்தது.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

தாடையை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். நான் சொல்லாமலே பக்கவாட்டில் நின்றுகொண்டார்.

பொய் செல்லவில்லை. ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். தொழில் தெரிந்தவர், கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கதிரின் அளவை மாற்றப் போனேன்.

மாற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவர் நிற்பதைச் சரியாகப் பார்த்தேன்.

பக்கவாட்டுப் படம் என்றால் ஆளின் இடது பக்கத்தைத்தான் ஸ்டாண்டில் ஒட்டி நிறுத்துவோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்களுக்கு இடதுதான். கோளாறு வலது பக்கம் என்று தெரிந்தால் மட்டும்தான் வலதை ஒட்டுவோம்.

திரை இருப்பது என் பக்கம். படத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

அண்ணன் வலது விலாவை ஸ்டாண்டில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"வெளியில எடுத்துப் பாத்து மூணு வாரமாச்சும்மா. எனக்குச் சொல்ல வாய் வரல, நீயே பாக்கட்டும்னுதான் வந்தேன். உங்க அண்ணிகிட்ட நீதான் சொல்லணும்."

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.