பல்லி சொன்ன சாட்சி

நான் ஒரு பல்லி. தணிகாசலம் வீட்டு ஹால் சுவரில் இருந்த விரிசல்தான் என் வீடு.

விற்பதற்கு முன் வீட்டைக் கொஞ்சம் அழகாக்க நினைத்தார் தணிகாசலம். கையிலிருந்த காசு அந்த ஒரு சுவருக்குத்தான் போதுமானதாக இருந்தது. விரிசலுக்குப் பட்டி பார்த்து, ரோஸ் கலர் அடித்து, மொட்டை மாடித் தண்ணீர் இறங்கிய கறையின் மேல் காலண்டரை மாட்டினார். நான் காலண்டருக்குப் பின்னால் குடியேறினேன்.

"எப்படி இருக்கேன்?" என்றது சுவர்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்கக்கா. காலண்டருக்குப் பின்னாடிதான் இன்னும் சொதசொதன்னு இருக்கு."

"வர்றவங்க முன்னாடி வாயைத் திறந்துடாதே!"

மறுநாள் கோமளா என்ற அம்மாள் கணவரோடு வீடு பார்க்க வந்தார்.

"இருபது வருஷமா ஒரு சொட்டு ஒழுகினதில்லைம்மா" என்றார் தணிகாசலம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இச் இச் இச்" என்று வந்துவிட்டது.

கோமளா விரலால் சுவரை மூன்று முறை தட்டினார். "பல்லியே சொல்லிடுச்சு, அப்போ உண்மைதான். இந்த வீட்டையே முடிச்சிடலாங்க."

சுவர் பூரித்துப் போனது. நானும் ஏதோ நானே வீட்டை விற்றுக் கொடுத்த மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டேன்.

கோமளா கணவரிடம் திரும்பினார். "இந்தச் சுவரை இடிச்சுட்டா ஹால் பெருசாயிடும், இல்லீங்களா?"

பயத்தில் என்னையறியாமல் "இச்" என்றேன்.

"பாருங்க, அதுக்கும் சரின்னு சொல்லிடுச்சு!"