சலோங்கோ என்ற நம்பர் பிளேட்

காரைப் பார்த்ததும் முவோங்கேவுக்குச் சிரிப்பு வந்தது.

கொரோனா என்ற பழைய மாடல். முன்விளக்கில் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கூரைமேல் ஒரு கோழி காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. முன்னால், அந்தக் காரையே விற்றாலும் வாங்க முடியாத நம்பர் பிளேட். அதில் எண்ணே கிடையாது. ஒரே ஒரு சொல்: சலோங்கோ.

இரட்டைப் பிள்ளை பெற்றவனுக்கு பகண்டா மக்களிடையே கிடைக்கும் பட்டம் அது. கிடைத்த நாளிலிருந்து அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள்.

கம்பாலாவில் முவோங்கேவையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருடைய நான்கு கூரைத்தகரக் கடைகளுக்கும் அதே பெயர்தான். புது லேண்ட் க்ரூஸருக்கும் எண்ணுக்குப் பதிலாக அதையே கேட்டுப் போனபோது, பதிவு அலுவலகத்துப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, அது ஏற்கெனவே இன்னொருவர் வண்டியில் இருக்கிறது என்றாள். யார் வண்டி என்று சொல்ல மறுத்துவிட்டாள்.

தரகன் ஒருவன் மூன்று வாரம் அலைந்து முகோனோ ஊரில் இந்த வீட்டைக் கண்டுபிடித்தான்.

வண்டிக்காரன் பெயர் கலெமா. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். முட்டி தேய்ந்த கால்சட்டையோடு உள்ளேயிருந்து ஒரு நாற்காலி தூக்கிவந்து போட்டான். முவோங்கே கைக்குட்டையால் அதைத் துடைத்தார். துடைத்த பிறகும் உட்காரவில்லை.

"இந்த ஓட்டை டப்பாவுக்கு இந்தப் பேரு எதுக்குய்யா?"

"பேரு காருக்கு இல்லீங்க. எனக்கு."

"சரி, நல்ல கார் ஒண்ணு வாங்கித் தர்றேன். நாளைக்கே ஆபீஸுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டு இதை எனக்கு மாத்திக் குடுத்துடு. கோழிக்கும் உட்கார இடம் வசதியா இருக்கும்."

அவர் சொன்னதற்கு அவரே சிரித்தார். வாசலில் நின்ற அவருடைய டிரைவரும் சிரித்து வைத்தான்.

கலெமா சிரிக்கவில்லை. "வேணாங்க" என்றான்.

முவோங்கேவுக்கு மறுப்பு பழக்கமில்லை. அதிலும் செருப்புக்கு ஆணி அடித்துப் போட்டிருப்பவனிடமிருந்து. விசாரித்து வைத்திருந்ததை எடுத்து வீச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைத்தார்.

"உன்னைப் பத்தி இங்க விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். உனக்குச் சொந்தமா ஒரு பிள்ளை கிடையாது. ஒண்ணையே பெக்காதவனுக்கு ரெட்டைப் பிள்ளைக்காரன் பட்டமா? ஊரான் சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியுறியே, கூச்சமா இல்ல?"

பக்கத்து வீட்டு வேலிக்குப் பின்னால் துணி உதறிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

கலெமா தரையைப் பார்த்து நின்றான். அவமானப்பட்டவன் அப்படித்தான் நிற்பான் என்று முவோங்கேவுக்குத் தெரியும். அந்த நிற்பைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

"நீங்க சொல்றது சரிதான்" என்றான் கலெமா. "நான் பெக்கல. நானும் வேணாம்னுதான் சொன்னேன். பசங்கதான் கேக்கல. முதல் ரெண்டு வருஷச் சம்பளத்தைச் சேத்துவெச்சு இந்தப் பிளேட்டை வாங்கி, என் பிறந்த நாளன்னைக்கு அவங்களே மாட்டிவிட்டாங்க. வண்டியும் அவங்க பேர்லதான் இருக்கு. என் கையெழுத்து செல்லாது."

"யாரு பசங்க?"

கலெமா கோழியை விரட்டிவிட்டு, காரின் கதவைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பதிவுப் புத்தகத்தை எடுத்து நீட்டினான்.

முவோங்கே அதை இரண்டு விரலால் வாங்கினார்.

உரிமையாளர்கள்: வஸ்வா முவோங்கே, காட்டோ முவோங்கே.

இரட்டையரில் மூத்தவன் என்றால் வஸ்வா, இளையவன் என்றால் காட்டோ. எல்லா வீட்டிலும் அதுதான். முவோங்கே என்ற பெயரும் நாட்டில் ஆயிரம் பேருக்கு உண்டு. அவர் அப்படித்தான் முதலில் நினைத்துக்கொண்டார்.

"வாசல்ல இறங்கினப்பவே நீங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க" என்றான் கலெமா, தாழ்ந்த குரலில். "ரெண்டு பேருக்கும் உங்க மூக்குதான்."

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் மசாக்காவில் மூன்று நாள் முரசு அடித்து, ஆட்டம் போட்டு, அந்தப் பட்டத்தை அவருக்குச் சூட்டினார்கள். பிள்ளைகள் பிறந்த நாற்பதாம் நாள் வேலை தேடிப் போவதாகச் சொல்லிக் கம்பாலாவுக்கு பஸ் ஏறினார். பிள்ளைகளை விட்டுவிட்டுப் பட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

சமையல்கட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் வாழைக்காய்ப் பிசின். தலையில் பாதி நரை. நாமுலி, அவர் மசாக்காவில் விட்டுவிட்டுப் போன மனைவி.

பால்காரன் வந்தால்கூட பெண்கள் மண்டியிட்டு வணக்கம் சொல்லும் ஊர் அது. அவள் மண்டியிடவில்லை. முவோங்கேவை ஒரு தடவை பார்த்தாள். கடன் கேட்டு வந்த அந்நியனைப் பார்க்கும் அளவுக்குக்கூட அந்தப் பார்வையில் அக்கறை இல்லை.

"சலோங்கோ" என்றாள். "சாப்பாடு எடுத்துவெச்சுட்டேன்."

"ம்" என்றார் முவோங்கே.

அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான், அவள் யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பதைக் கவனித்தார்.

கலெமா அவர் கையிலிருந்து புத்தகத்தை மெதுவாக வாங்கிக்கொண்டு, கை கழுவப் போனான்.