கோலியாத் தாண்டிய சுவர்

கத்தியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு, கால்நடை டாக்டர் தனாயி கடைசியாக ஒரு முறை கேட்டார். “இதோட அப்பா அஸ்தேரிதானே?”

அர்கிரோ அத்திமரத்தில் கட்டியிருந்த ரிகானியின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். மூன்று வயசுக் குதிரை. இன்னும் கால் மணி நேரத்தில் தன்னைக் காயடிக்கப் போகிறார்கள் என்று தெரியாமல், அவள் பையில் மூக்கை விட்டு ரொட்டி தேடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஸ்கிரோஸ் தீவுக் குதிரைகள் குள்ளம், இருப்பதும் கொஞ்சம். அதில் அஸ்தேரிதான் ராஜா. ஆகஸ்ட் பந்தயத்தில் ஐந்து வருஷம் ஜெயித்தது, அதனால் எல்லாரும் தங்கள் பெட்டையை அதனிடமே ஓட்டிக்கொண்டு போனார்கள். இப்போது எந்தக் குதிரையைப் பார்த்தாலும் அஸ்தேரிக்கு மகன், இல்லையென்றால் பேத்தி. சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து, பிறக்கிற குட்டிகளுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. கடைசியில் குதிரைச் சங்கம் விழித்துக்கொண்டு, அஸ்தேரியின் மகன்கள் எவனும் இனி பொலிகுதிரையாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தது.

ரிகானி பிறந்தபோது சங்கத்துப் பதிவேட்டில் ‘தந்தை: அஸ்தேரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அர்கிரோதான். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவளும் அவள்தான்.

கல்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, சுவர்மேல் மோவாயை வைத்துக்கொண்டு பக்கத்து வயல் லம்ப்ரோஸ் வேடிக்கை பார்த்தான். அவனுக்கும் அர்கிரோவுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. எல்லாம் கோலியாத்தால் வந்தது. கோலியாத், லம்ப்ரோஸின் பொலிகுதிரை. பெயர்தான் கோலியாத், இந்தச் சுவருக்கு மேலே அதன் காது நுனி மட்டும்தான் தெரியும். கழுத்து என்று ஒன்று கிடையாது, பாதிரியாரையே கடித்த வாய். அதனிடம் பெட்டையைக் கொண்டுவந்தவர் தீவில் ஒருவரும் இல்லை.

ரிகானி பிறந்ததும் லம்ப்ரோஸ் காப்பிக்கடையில் உட்கார்ந்து, அஸ்தேரியாவது கத்திரிக்காயாவது, என் கோலியாத் சுவரைத் தாண்டிப் போய்க் கொடுத்த குட்டி அது என்று சொல்லிவிட்டான். மாதா திருநாளன்று கோயில் வாசலில் வைத்து, நாலு பேர் கேட்க, அவனைப் பொய்யன் என்று திட்டித் தீர்த்தாள் அர்கிரோ.

அவளையும் குறை சொல்ல முடியாது. அஸ்தேரியின் சொந்தக்காரர் அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அவர் குதிரையை வேண்டாம் என்றால் உறவே அறுந்துபோகும். முதல் இரண்டு தடவையும் அங்கேதான் பெட்டையை விட்டாள். இரண்டு குட்டிகளும் ஒரு நாள்கூட எழுந்து நிற்கவில்லை, இதே அத்திமரத்தடியில் அழுதுகொண்டே புதைத்தாள். மூன்றாம் தடவையும் ஒரு வாரம் அங்கேயே கொண்டுபோய் விட்டாள்.

டாக்டர் கத்தியை எடுத்தார்.

“கொஞ்சம் இருங்க டாக்டரம்மா,” என்றாள் அர்கிரோ. “இதோட அப்பன் அஸ்தேரி இல்ல.”

சுவர்மேலிருந்த மோவாய் நிமிர்ந்தது.

வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திருத்த முடியாது, ஊர் பேசுகிற அந்தக் கோலியாத்தின் முடி வேரோடு சோதனைக்கு வேண்டும் என்றார் டாக்டர். கோலியாத் போன குளிர்காலத்தில் செத்துப்போயிருந்தது. வேறு வாரிசும் கிடையாது. அந்த ஆளிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள் என்றாள் அர்கிரோ, லம்ப்ரோஸ் இருந்த பக்கம் திரும்பாமலே.

“அப்பன் யாருன்னு முதல்ல அவ வாயால சொல்லட்டும்,” என்றான் லம்ப்ரோஸ்.

அர்கிரோ ரிகானியைப் பார்த்தாள். ரொட்டி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அது மென்றுகொண்டிருந்தது. “உன் கோலியாத்துதான்,” என்றாள்.

லம்ப்ரோஸ் ஓடினான். சுவரில் ஒரு திறப்பு உண்டு. பழைய இரும்புக் கட்டிலின் தலைமாடுதான் அதற்குக் கதவு, அர்கிரோவின் பக்கமாகக் கம்பி சுற்றிக் கட்டியிருக்கும். அவள் கம்பியை அவிழ்த்துவிட, அவன் குதிரை தேய்க்கிற பிரஷ்ஷோடு உள்ளே வந்தான். பிரஷ் நிறையக் கறுப்பு முடி. செத்த பிறகு அதைச் சுத்தம் பண்ண மனசு வரவில்லை என்றான். டாக்டர் இரண்டு குதிரைகளின் முடியையும் உறையில் போட்டுக்கொண்டு, கத்தியைப் பெட்டிக்குள் வைத்தார்.

ஒரு மாதம் கழித்து முடிவைச் சொல்ல அவரே வந்தார். அப்பா கோலியாத்தான். அந்த ரத்தம் தீவில் ரிகானியிடம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறதாம், அடுத்த வசந்தத்துக்குப் பன்னிரண்டு பெட்டைகள் வரிசையில் நிற்கின்றனவாம். ஞானத்தகப்பனும் கோபித்துக்கொள்ளவில்லை. குதிரை சுவரைத் தாண்டினால் பாவம் அவள் என்ன செய்வாள் என்று சொல்லிவிட்டார்.

லம்ப்ரோஸுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரைச் சுவரோரமாக இழுத்துப்போய், கோலியாத் எங்கே கால் எடுத்தது, எங்கே குதித்தது என்று காட்டினான். அந்த இடத்தில் ஒரு பலகை மாட்டப் போகிறானாம். டாக்டர் சுவரின் உயரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டி ஏறினார்.

“இப்பவாச்சும் ஒத்துக்கயேன் அர்கிரோ,” என்றான் லம்ப்ரோஸ். “அன்னைக்கு நான் சொன்னது நிஜந்தானே?”

அர்கிரோ கட்டில் கதவைச் சாத்திக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வண்டி சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

“அது எங்கய்யா தாண்டிச்சு? கம்பிய அவுத்துவிட்டதே நான்தான்.”